ஏழு ஆண், ஏழு பெண்

ஒன்பதாவது மீன் கடையிலும் எப்சிக்குக் கிடைத்தது நாற்றம் மட்டும்தான்.

"பதினாலு விராலா? உயிரோடயா? ஒரே ஆளுக்கா?" கடைக்காரர் கத்தியைக் கீழே வைக்காமலே சிரித்தார். "அப்படி ஒருத்தர் வந்திருந்தா சேர் போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்மா."

எப்சி நோட்டில் ஒன்பதாவது பெயரையும் அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது. ஆகஸ்ட் மாத வெயில் பல்லாவரத்துத் தார்ச்சாலையில் தகதகத்துக்கொண்டிருந்தது. காருக்குள் ஏறிக் கதவை அறைந்தாள்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த சின்னப்பன் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கதவு இன்னா மேடம் பண்ணிச்சு? அதுவும் விரால் விக்கலியாமா?"

"அண்ணா, வண்டியை எடுங்க."

"எடுக்கலாம். எங்கன்னு சொன்னா எடுக்கலாம். காலையிலேர்ந்து சுத்துன சுத்துல நாலு தொகுதியில எலெக்‌ஷனுக்கு நின்னுருக்கலாம். டெபாசிட்டாவது கெடச்சிருக்கும்."

சின்னப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அந்த இருபது வருடத்தில் கேட்ட கதைகளையும் கற்ற நக்கலையும் மூட்டை கட்டிக்கொண்டு எப்சியிடம் வேலைக்குச் சேர்ந்தவர். எப்சி அவரைவிடப் பதினொரு வயது இளையவள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டு மூன்று வருடமாகிறது. கல்யாண விசாரணை, காணாமல் போன நாய், வாடகை கொடுக்காமல் ஓடியவன் என்று எத்தனையோ பார்த்துவிட்டாள். செத்துப் போனதா, திருடு போனதா என்றே தெரியாத மீன்களைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலைக்குள் அவள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஆரோன் மேல் போலீஸில் புகார் போகும்.

ஆரோன் முடிச்சூரைத் தாண்டி இருக்கும் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். அந்தப் பண்ணையில் குஞ்சு எடுப்பதற்கென்று ஆணும் பெண்ணுமாகப் பதினான்கு தாய் விரால்கள் இருந்தன. பார்வைக்கு அவை எல்லா விராலையும் போலத்தான். ஆனால் பண்ணையின் விஞ்ஞானி டாக்டர் தமிழினி இரண்டு வருடம் ஐந்து ஏரிகளில் வலை போட்டு, இருநூறு மீன்களின் துடுப்பு நுனியை வெட்டி, மரபணுவைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த மீன்கள் அவை. வண்டலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெடுங்கரை ஏரியிலிருந்து வந்தவை. மற்ற ஏரிகளில் விராலுக்கு வருடா வருடம் உடம்பெல்லாம் சிவந்து புண் வைக்கும். நெடுங்கரை விராலுக்கு வைக்காது. வேறு ஏரித் தண்ணீர் கலக்காமல் தலைமுறை தலைமுறையாகத் தனியே பெருகிய கூட்டம் அது என்று தமிழினி கண்டுபிடித்தாள். அந்தப் பதினான்கையும் வைத்துப் புண் வராத விரால் குஞ்சுகளை உண்டாக்கி ஊரெல்லாம் கொடுப்பதுதான் திட்டம்.

ஜூலையில் குஞ்சுகள் வந்தன. எல்லாம் நோஞ்சான். பாதிக்குப் புண்.

பண்ணை முதலாளி சுப்பராயலு தாய் மீன்களின் துடுப்பு நுனிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார். பதினான்கும் நெடுங்கரை மீனே இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பதில் வந்தது. அண்ணனுக்குத் தங்கையைக் கட்டி வைத்தால் குஞ்சு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மீனின் முதுகிலும் அரிசி அளவில் புதைத்திருந்த அடையாளச் சிப் மட்டும் சரியாக இருந்தது. மீன் மாறிவிட்டது, சிப் மாறவில்லை. தினமும் தொட்டியில் கை வைப்பவன் ஆரோன். அவனைத் தவிர யார் செய்ய முடியும் என்று சுப்பராயலு அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். ஆரோனும் அவன் மனைவியும் எப்சியைத் தேடி வந்தார்கள்; கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வாரம் தவணை கொடுத்தார் சுப்பராயலு.

"எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல," என்றார் சின்னப்பன், சிக்னலில் வண்டியை நிறுத்தியபடி. "திருடன் மீனைத் திருடுவான். சிப்பை எதுக்கு நோண்டி எடுத்து வேற மீனுக்கு வைக்கணும்? அவனுக்கு இன்னா வேற வேலையே இல்லியா?"

"உயிரோட திருடுறவன் சிப்பைத் தொட மாட்டான். இது நெடுங்கரை மீன்தான்னு காட்ட அவனுக்கு அந்த சிப் வேணும்." எப்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "சிப்பை எடுக்கணும்னா முதுகைக் கிழிக்கணும். நான் என்ன நினைக்கிறேன்னா, அந்தப் பதினாலும் செத்துப்போச்சு. செத்ததை மறைக்க யாரோ புது மீனை வச்சிருக்காங்க."

"அப்ப ஆரோன் மேலதானே இன்னும் சந்தேகம் வருது? பாத்துக்கறவன் கையிலதானே சாகும்."

அதுதான் எப்சியையும் குடைந்தது. ஆரோன் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தான். நெடுங்கரை விரால் காலடிச் சத்தம் கேட்டாலே அடியில் போய் ஒளியும். ஈஸ்டர் கழிந்து ஒருநாள் தொட்டிப் பக்கம் போனபோது பதினான்கும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தனவாம், தீனிக்கு. மனுஷக் கையால் தீனி தின்று வளர்ந்த மீன்தான் அப்படி வரும். "மீனு பழகிடுச்சுன்னு சொன்னாங்க மேடம், நானும் நம்பிட்டேன்," என்றான். குற்றம் செய்தவன் தானாக வந்து இதைச் சொல்வானா? சொல்லவும் சொல்வான். காப்பீட்டு வேலையில் அப்படி நாலு பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல். அதை எப்சியே யோசித்து இழுத்திருந்தாள். மரபணுவால் 'இது நெடுங்கரை மீன் இல்லை' என்று சொல்ல முடிந்தால், 'அப்படியானால் இது எந்த ஊர் மீன்' என்றும் சொல்ல முடியும்தானே? விரால் வளர்க்கும் நான்கு பண்ணைகளிலிருந்து மீன் வாங்கி அதே ஆய்வகத்துக்கு அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. தொட்டியில் இருக்கும் பதினான்கும் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பண்ணையின் மீன்கள். அந்தப் பண்ணைக்காரர் தென்சென்னையில் உயிர் விரால் விற்கும் பதினொரு கடைகளின் பட்டியலைக் கொடுத்தார்.

பதினொன்றில் ஒன்பது முடிந்துவிட்டது.

"பத்தாவது எது?" என்றார் சின்னப்பன்.

"பெரும்பாக்கம். சரசுன்னு ஒரு அம்மா."

மேடவாக்கம் சந்திப்பைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் சுப்பராயலு இரண்டு முறை போன் செய்து "என்னாச்சு?" என்றார். எப்சி இரண்டு முறையும் "பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றாள். மூன்றாவது முறை அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பெரும்பாக்கத்துக் குடியிருப்புகளின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு எதிரே, பழைய விளம்பரத் துணியால் நிழல் போட்டு சரசு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நீல நிறப் பீப்பாய். உள்ளே கறுப்பாக ஏதோ புரண்டது.

"இன்னா வோணும்? விராலு கிலோ கணக்குல கீது. சின்னது வோணும்னா நாளைக்கி வா."

"மீன் வாங்க வரலைக்கா. ஒண்ணு கேக்கணும். யாராவது உங்ககிட்ட மொத்தமா பதினாலு விரால் வாங்கினாங்களா? உயிரோட?"

இல்லை என்ற பதிலுக்குத் தயாராகப் பேனாவை எடுத்தாள் எப்சி.

"ஆமா, வாங்கிச்சே ஒண்ணு," என்றாள் சரசு.

பேனா நின்றது. சின்னப்பன் காரிலிருந்து இறங்கி வந்தார்.

"யாருக்கா?"

"பேரு கீரு தெரியாது. பொம்பள. கண்ணாடி போட்டுனு, மூஞ்சில மாஸ்கு மாட்டிக்கினு ஆட்டோல வந்துச்சு. மூணு கேனு கொணாந்துச்சு. இவ்ளோ நாளா யாவாரம் பண்றேன், அந்த மாரி ஒரு கிராக்கிய நான் பாத்ததே இல்ல."

"ஏன்?"

"விராலு வாங்கறவங்க இன்னா கேப்பாங்க? முள்ளு கம்மியா கீதா, தோலு உரிச்சுத் தருவியான்னு கேப்பாங்க. இது பீப்பால கைய வுட்டு ஒவ்வொண்ணா எடுக்குது, மல்லாத்துது, வயித்துக்குக் கீழ பாக்குது. இது வாணாம், இது வோணும்னு. இன்னாம்மா பாக்கறன்னு கேட்டா, ஏழு ஆம்பள, ஏழு பொம்பள வோணுமாம்."

சின்னப்பன் மெதுவாகச் சொன்னார். "கொழம்புக்கு வாங்குனா ஜோடி பாத்து வாங்க மாட்டாங்க மேடம். இது கல்யாண மண்டபத்துக்கு வாங்குன மீனு."

எப்சி நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் ஒன்றை எடுத்தாள். காலையிலிருந்து இருந்த எரிச்சல் ஒரு நொடி மறந்தது.

"எப்போக்கா இது? தேதி ஞாபகம் இருக்கா?"

"தேதி இன்னா தேதி. குருத்தோலை ஞாயிறு. எல்லாம் ஓலையக் கையில வச்சிக்கினு கோயிலாண்ட போயிட்டு வர்றாங்க. நோம்பு நாளு வேற, ஒரு ஈ காக்கா இல்ல கடையில. மத்தியானம் இது வந்து பீப்பாயையே காலி பண்ணிட்டுப் போச்சு. மறக்குமா?"

"ஆளைப் பாத்தா அடையாளம் சொல்வீங்களா?"

"மாஸ்கு போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்." சரசு கொஞ்சம் யோசித்தாள். "நர்ஸு மாரின்னு நெனச்சேன். அது கையில ஒரு வாசன. பல்லு டாக்டராண்ட போனா அடிக்குமே, கிராம்பு மாரி, அது. மீன் நாத்தத்தையும் மீறி அடிச்சுது."

எப்சி நோட்டை மூடினாள்.

காரில் ஏறியதும் சின்னப்பன்தான் பேசினார். இந்த முறை நக்கல் இல்லை.

"ஆரோன் சம்சாரம் எங்க மேடம் வேல செய்யுது?"

"சிட்லபாக்கத்துல," என்றாள் எப்சி. "பல் டாக்டர் கிளினிக்ல."

முடிச்சூர் வரும்வரை எப்சிக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. மூன்று வாரமாகத் தன் அலுவலக வாசலில் கைகட்டி நின்று "நான் செய்யல மேடம்" என்று சொன்ன ஆரோன் மேலா? பக்கத்தில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்ற அவன் மனைவி ஜான்சி மேலா? இரண்டு பேரையும் நம்பி அலைந்த தன் மேலா? ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்க ஆரோன் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டானா என்ன?

ஆரோனின் வீடு, வயல்கள் மனைகளாகிப் போன ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. வெள்ளத்தின் கறை இன்னும் ஜன்னல் உயரத்துக்குச் சுவரில் தெரிந்தது. ஜான்சி கிளினிக் சீருடையிலேயே கதவைத் திறந்தாள்.

"வாங்க மேடம். ஏதாவது தெரிஞ்சுதா?"

எப்சி உட்காரவில்லை. "குருத்தோலை ஞாயிறு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க ஜான்சி?"

ஜான்சி விழித்தாள். உள்ளேயிருந்து ஆரோன் லுங்கியைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

"சர்ச்ல மேடம்," என்றாள் ஜான்சி. "காலையில பவனி. மத்தியானம் அங்கயே சாப்பாடு. அப்புறம் எங்க பொண்ணுக்குப் பாட்டுப் போட்டி. ரெண்டு பேரும் சாயங்காலம்தான் வந்தோம்."

"நிரூபிக்க முடியுமா?"

அந்தக் கேள்வியின் கூர்மை எப்சிக்கே உறைத்தது. ஜான்சி போனை எடுத்துத் தேடி நீட்டினாள். படத்தில் மேடையில் ஒரு சிறுமி வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஆரோனும் ஜான்சியும். மதியம் இரண்டு பத்து. அடுத்த படம் இரண்டு நாற்பது. அதற்கடுத்தது மூன்றரை.

எப்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் படங்கள் அவர்களைத் தப்புவித்துவிட்டன. ஆனால் கையில் இருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டதே.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பண்ணைக்கு யார் போனாங்க?" என்று களைப்போடு கேட்டாள்.

"எனக்கு எல்லா ஞாயிறும் டூட்டிதான் மேடம். அன்னிக்கு மட்டும் லீவு. நான் கேக்கவே இல்ல. பிள்ளையோட பவனிக்குப் போயிட்டு வாங்க, ஒரு நாள் தொட்டிய நான் பாத்துக்கறேன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. நல்லவங்க."

"ஜான்சி, உங்க கிளினிக்ல கிராம்பு வாசனை அடிக்குமே, அது என்ன?"

"கிராம்புத் தைலம் மேடம். பல் வலிக்குப் போடறது. இவரே ஒருதரம் எங்ககிட்டயிருந்து ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனாரே."

எப்சி நிமிர்ந்தாள். "உங்களுக்கு எதுக்கு ஆரோன் கிராம்புத் தைலம்?"

"எனக்கில்ல. டாக்டரம்மாவுக்கு. திலேப்பியா மீனுக்குத் துடுப்பு வெட்டணும்னா துள்ளும். தண்ணியில நாலு சொட்டு தைலம் விட்டா மயங்கிடும். வெட்டிட்டு நல்ல தண்ணியில விட்டா எழுந்துக்கும்."

"விராலுக்கும் அப்படித்தானா?"

"இல்ல மேடம். விராலை நான் ஈரச் சாக்குல சுத்திக் கையில புடிச்சுக்குவேன். அவங்க வெட்டுவாங்க. விராலுக்குத் தைலம் விட நான்..."

ஆரோன் பாதியில் நின்றான்.

"சொல்லுங்க."

"விராலுக்குத் தண்ணிக்குள்ள இருக்கற காத்து பத்தாது மேடம். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மேல வந்து மூச்சு வாங்கணும். மயக்கத்துல அடியில கெடந்தா எப்படி மேல வரும்?"

வாசற்படியில் நின்ற சின்னப்பன் உள்ளே வந்தார்.

"மீனு?" என்றார். "மீனு தண்ணியில மூழ்கி செத்துச்சுன்றியா?"

ஆமென்று ஆரோன் தலையை ஆட்டினான்.

எப்சி கடைசியாக ஒன்று கேட்டாள். பதில் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. "மீன் மேல வருதுன்னு யார்கிட்ட சொன்னீங்க? பழகிடுச்சுன்னு சொன்னது யாரு?"

"டாக்டரம்மா," என்றான் ஆரோன்.

தமிழினி சிட்லபாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். எப்சி போன முறை வந்தபோது தமிழினி ஒரு மணி நேரம் பேசினாள். மரபணுவைப் பற்றிப் பேசினாள், ஏரிகளைப் பற்றிப் பேசினாள். ஆரோன் தன்னிடம் வந்து சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அது எப்சிக்கு உறைக்கவும் இல்லை. படியேறும்போது அந்த எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. மூன்று வாரம், பத்து மீன் கடை, ஒரு ஆய்வகம். விடை முதல் நாளே எதிரில் உட்கார்ந்து காபி கொடுத்திருக்கிறது.

கதவைத் திறந்த தமிழினி இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"பெரும்பாக்கத்துல ஒரு அம்மா உங்களை இன்னும் நர்ஸுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க," என்றாள் எப்சி.

தமிழினி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். மறுக்கவில்லை. ஒருவேளை நாலு மாதமாக இந்தக் கதவு தட்டப்படுவதற்காகவே காத்திருந்தாளோ என்னவோ.

"ரெண்டாவது சாம்பிள் எடுக்கணும்னு இருந்தது. ஆரோன் இல்லை. தனியா என்னால ஒவ்வொண்ணாப் பிடிக்க முடியலை. கை வழுக்குது, அது அடிச்சுக்குது, செதில் போகுது. மூணு டப்ல தைலம் கலந்து விட்டேன். டப்பாக்கள்ல பேர் எழுத உள்ளே போனேன். பதினாலு டப்பா. ஒவ்வொண்ணுலயும் ஏரி பேரு, நம்பர், தேதி. நிதானமா, அழகா எழுதினேன். திரும்பி வந்தா ஒண்ணுகூட அசையலை."

"விரால் மேல வந்து மூச்சு விடணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "அந்த நிமிஷம் ஞாபகம் வரலை. ஆரோன் பக்கத்துல இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்."

"ஏரிக்கே போய் வேற மீன் பிடிச்சிருக்கலாமே?"

"மறுநாளே போனேன். தூர் வாரறதுக்காகத் தண்ணியை முழுசா வடிச்சிட்டாங்க. ஏரி நடுவுல மண் அள்ளற வண்டி நிக்குது." தமிழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சிப்பை மாத்தி, வாங்கின மீனை வச்சது கொஞ்ச நாளைக்குத்தான், எப்படியாவது நெடுங்கரை மீனைத் தேடிக் கொண்டு வந்துடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள முதலாளி முட்டை எடுக்கச் சொல்லிட்டார்."

"அவர் ஆரோனைக் குற்றவாளின்னு சொன்னப்போ?"

தமிழினி திரும்பி வந்து மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எப்சிக்குக் கோபம் ஏறியது. "நீங்க மீனைக் கொன்னது தப்பு. அது யாருக்கும் நடக்கலாம். அந்த மனுஷன் மூணு வாரமா வேலை இல்லாம, போலீஸ் எப்போ வரும்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். அவருக்கு லீவு கொடுத்ததே நீங்க. அதையாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தினம் சொல்லணும்னுதான் கிளம்பினேன்," என்றாள் தமிழினி.

எப்சி தன் போனில் ஆரோனின் எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு சொல்லுங்க."

தமிழினி சொன்னாள். தடுமாறித் தடுமாறி, முழுவதையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஆரோன் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எத்தனை சினை பிடிச்சிருந்துது மேடம்?"

"ஆறு," என்றாள் தமிழினி.

போன் துண்டிக்கப்பட்டது.

சுப்பராயலுவிடம் எப்சியே சொன்னாள். அவர் வருத்தப்படுவார், ஆரோனைப் பற்றி விசாரிப்பார் என்று எதிர்பார்த்தாள். "அப்ப புகார்ல யார் பேரை எழுதறது?" என்று கேட்டார் அவர். எப்சி போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பண்ணை அலுவலகத்தில் தமிழினியின் ராஜினாமாக் கடிதம் மேசை மேல் கிடந்தது. சுப்பராயலு ஆரோனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எப்சியும் சின்னப்பனும் சுவரோரம் நின்றார்கள். தமிழினி வாசலுக்கு வெளியே நின்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு ஆரோன். நீ இன்னைக்கே வேலைக்கு வந்துடு. அந்தம்மாவை அனுப்பிடறேன், போதுமா?"

"அனுப்ப வேணாம் சார்."

சுப்பராயலு புரியாமல் எப்சியைப் பார்த்தார். எப்சிக்கும் புரியவில்லை. ஆரோன் கைகளைக் கட்டாமல் நேராக நின்று பேசினான்.

"நெடுங்கரை ஏரி ரொம்பினா தண்ணி கீழ குட்டை மாதிரி இருக்கற ஒரு சின்னத் தாங்கலுக்குப் போகும். அங்க விரால் இருக்கு, நேத்து போய்ப் பாத்தேன். ஆனா அதுல எது பழைய ஏரி மீனு, எது வெள்ளத்துல எங்கயிருந்தோ வந்த மீனுன்னு எனக்குத் தெரியாது. கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. அது அவங்களுக்குத்தான் தெரியும்."

"அவங்க உன்னை மாட்டி விட்டாங்கப்பா."

"ஆமா சார். அவங்ககூட நான் பேசப் போறதில்ல. மீனைப் புடிச்சுத் தருவேன். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

"ஆரோன், உங்களுக்குக் கோபமே வரலையா?" என்று எப்சி கேட்டே விட்டாள். அவளுக்கு வந்துகொண்டிருந்தது.

"மூணு வாரமா தூங்கல மேடம்," என்றான் ஆரோன். "வராம இருக்குமா?"

அவன் சுவரில் மாட்டியிருந்த வலையையும் இரண்டு கேன்களையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் நின்ற தமிழினியைத் தாண்டியபோது தலை திருப்பவில்லை. பைக்கில் கேன்களைக் கட்டிவிட்டு, வண்டியை உதைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். யாருக்காகவோ நிற்பவன் மாதிரி.

தமிழினி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுப்பராயலு ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அவள் ஓடிப் போய்த் தன் ஸ்கூட்டரை எடுத்தாள்.

பைக் முன்னால் போனது. ஸ்கூட்டர் நாற்பதடி பின்னால் போனது. மணிமங்கலம் சாலையின் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்து ஸ்கூட்டரை மறித்தது. எப்சி பார்த்துக்கொண்டே நின்றாள். முன்னால் போன பைக் வேகத்தைக் குறைத்து ஓரமாக நின்றது. ஆரோன் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி விலகி, பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினான்.